திரையில் வராத ரிஜிஸ்டர்

துப்பாக்கி ரிப்பேர் என்ற தொழிலைத் தொலைக்காட்சி நமக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இதை அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி சாலைக் கடைத்தெருவுக்குள் நடந்தால், அந்த நாளில் லைசன்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. பி.காம். முடித்த கையோடு அங்கே கணக்கெழுதப் போனவள் நான். முதலாளி காலமாகி, பிள்ளைகள் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்துக் கடையை மூடும்வரை அங்கேதான் இருந்தேன். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் அந்தக் கடைக்குள் வந்த ஒவ்வொரு துப்பாக்கியின் நம்பரும் என் கையெழுத்தில் ஏறியிருக்கிறது.

என் தங்கையின் பேரன் கைபேசியில் பார்ப்பது வேறொரு உலகம். அமெரிக்காவின் டிஸ்கவரி சேனலில் 2011இல் தொடங்கிய இரண்டு நிகழ்ச்சிகள் துப்பாக்கிப் பட்டறை நிகழ்ச்சி என்ற வகைக்கு வழி போட்டவை. ஒன்று 'சன்ஸ் ஆஃப் கன்ஸ்', லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரத்துப் பட்டறை. இன்னொன்று 'அமெரிக்கன் கன்ஸ்', கொலராடோவில் ஒரு குடும்பம் நடத்திய கடை. அதற்கு முந்தைய வருஷமே ஹிஸ்டரி சேனலில் 'டாப் ஷாட்' என்ற சுடும் போட்டி வந்துவிட்டது. இவற்றின் துண்டுகளும், இவற்றைப் பார்த்து யார் யாரோ எடுத்த படங்களும் இன்றைக்கும் பிள்ளைகளின் கைபேசியில் ஓடுகின்றன.

ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றது எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம். ஒருவர் கடைக்குள் வந்து யாரும் கேட்காத ஒன்றைக் கேட்பார். அப்பாவுக்கும் மகளுக்கும், முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் வாய்த்தகராறு வரும். கெடு நெருங்கும். கிரைண்டரில் தீப்பொறி பறக்கும். கடைசியில் எல்லோரும் வெட்டவெளிக்குப் போய்த் தர்ப்பூசணியையோ பழைய காரையோ சுட்டுச் சிதறடிப்பார்கள். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், கைதட்டுவார்கள், முடிந்தது.

அமெரிக்காவிலேயே அந்த வேலை அப்படி நடப்பதில்லை. இயந்திரத் துப்பாக்கி, சத்தம் அடக்கும் குழல், கட்டைக்குழல் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் அங்கே 1934ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பதிவு வேண்டும், மத்திய அரசின் ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நிகழ்ச்சிகள் வந்த காலத்தில் வரியும் கட்ட வேண்டியிருந்தது. புதிய இயந்திரத் துப்பாக்கியைத் தனியார் கையில் கொடுப்பதை 1986இல் தடுத்தே விட்டார்கள். திரையில் இந்தக் காத்திருப்பு ஒரு வாக்கியத்தில் போய்விடுகிறது, பல தடவை அதுவும் கிடையாது. காத்திருப்பையும் காகிதத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இரும்பும் ஆசையும்தான்.

எங்கள் கடையின் வேலை எப்படித் தொடங்கும் என்று சொல்கிறேன். ஒருவர் துப்பாக்கியோடு படியேறினால் முதலில் கேட்பது லைசன்ஸ் புத்தகம். அதிலுள்ள நம்பரையும் துப்பாக்கியில் வெட்டியிருக்கும் நம்பரையும் நான் வாய்விட்டுப் படிப்பேன், ரிப்பேர் வேலை செய்யும் ஆசாரி தன் மேஜையிலிருந்து திருப்பிச் சொல்வார். பொருந்தினால்தான் ரிப்பேர் ரிஜிஸ்டரைத் திறப்பேன். பெயர், விலாசம், லைசன்ஸ் எந்தத் தேதிவரை, எந்தக் கம்பெனி செய்தது, என்ன போர் (குழலின் உள்ளளவு), என்ன பழுது, என்றைக்கு வந்தது, என்றைக்குத் திரும்பிப் போனது. தோட்டா விற்பனைக்குத் தனி ரிஜிஸ்டர். ஒரே தடவையில் எத்தனை வாங்கலாம், வருஷத்துக்கு எத்தனை என்று லைசன்ஸிலேயே எழுதியிருக்கும். விற்றதை அதிலும் ஏற்றி, சீல் வைத்து, கையெழுத்து வாங்க வேண்டும். பிற்காலத்தில் லைசன்ஸ்தாரர் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் தனி அடையாள எண் வந்தது, அதற்கும் ஒரு பத்தி போட்டேன். அதிகாரி எப்போது வந்து எண்ணினாலும் அலமாரியில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமையாளர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வருவார்கள். ஸ்டேஷனில் கொடுப்பவர்கள் போக மற்றவர்கள் எங்களிடம் 'சேஃப் கஸ்டடி'யில் வைப்பார்கள். அந்த வாரங்களில் எனக்கு மதியச் சாப்பாடு சாயங்காலம்தான்.

இனி ஆசாரி. தக்கலைப் பக்கத்துக்காரர், கருப்பட்டி நிறம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் துணிச்சுருள். என்னை 'மக்ளே' என்றுதான் கூப்பிடுவார். இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வந்தால் முதலில் அதைத் திறந்து பார்ப்பார். கொண்டுவந்தவர் காலிதான் என்று சத்தியம் செய்தாலும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவிய பிறகுதான் மேஜையில் வைப்பார். பிறகு குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு. சாலையில் வெண்கல உருளி வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோலத்தான். கணீரென்று நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டையின் ஈயப்பற்று விடவில்லை. ஓசை செத்து விழுந்தால் எங்கேயோ பற்று விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் புகுந்து துரு தின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்காகக் கடையே ஒரு நொடி பேச்சை நிறுத்தும்.

அடுத்து வாசல் வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். உள்ளே வட்ட வட்டமாக விழும் நிழல் ஒழுங்காக இருந்தால் சரி. ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே அடிபட்டிருக்கிறது. அதன் பிறகு குழலின் அடியைத் திருப்பி முத்திரைகளைப் படிப்பார். 1980களின் நடுவிலேயே தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால், இடுக்கி, வயநாட்டு எஸ்டேட் வீடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் தாத்தா காலத்து இங்கிலாந்துச் சரக்கு. வெப்ளி அண்ட் ஸ்காட், கிரீனர். பர்மிங்ஹாமில் 1813இல் ஏற்பட்ட புரூஃப் ஹவுஸின் முத்திரை அடியில் இருக்கும். வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கியது என்பதற்கான அத்தாட்சி அது. எந்த வகை மருந்துக்குத் தாங்கியது என்பதையும் முத்திரையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த பழைய குழல்கள் பார்க்க அவ்வளவு அழகு, பட்டுச் சேலையின் நெசவு தோற்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கரிமருந்துக் காலத்துக்காகச் செய்தவை. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் கையிலேயே பிளக்கக்கூடும்.

இடுக்கி ஹைரேஞ்சிலிருந்து ஒரு குடும்பம் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. மெருகேற்றி, சுடும்படி செய்து தர வேண்டும், என்ன செலவானாலும் பரவாயில்லை என்றார்கள். ஆசாரி அதைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது சொவத்துல தொங்கட்டு. சுடதுக்கு ஆவாதுன்னு எழுது மக்ளே" என்றார். கூலி வாங்கவில்லை. அவர்கள் வருத்தத்தோடு போனார்கள். அந்தத் தொழிலில் நான் பார்த்த மிக உயர்ந்த வேலை அதுதான்: முடியாது என்று சொல்வது. ரியாலிட்டி நிகழ்ச்சியில் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் அந்த வாரக் கதையே இல்லை. அதனால்தான் அந்தக் கதைகளில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

கடையின் கடைசிக் காலத்தில் ஒரு பையன் வந்தான், கல்லூரி வயசு. லைசன்ஸ் அவனுடைய மாமாவுடையது. கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, அதேபோல் குழலை வெட்டிக் குட்டையாக்கித் தர வேண்டும் என்றான். வெளிநாட்டுப் பட்டறை, பின்னணியில் கிதார் இசை, வெட்டுகிறவன் சிரித்துக்கொண்டே வெட்டுகிறான். முதலாளி வீடியோவை முழுசாகப் பார்த்தார். பிறகு 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப் புத்தகத்தை எடுத்து ஆறாவது பிரிவைக் காட்டினார். குழலைக் குட்டையாக்குவதற்கும், பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் அதற்கென்றே தனி லைசன்ஸ் வேண்டும் என்று சொல்கிற பிரிவு. "மோனே, இது இவிடெ நடக்கில்ல" என்றார். பையனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். இது குற்றமாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கெட்ட பையன் இல்லை அவன். ஒரு தச்சனிடம் நாற்காலிக் காலைக் குறைக்கச் சொல்வதுபோல்தான் கேட்டான். அப்படிக் கேட்கலாம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

வெறும் பொழுதுபோக்குதானே, அதற்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கிகளோடு பிடிபட்டார்கள். யூடியூப் பார்த்துத் தாங்களே செய்ய முயன்றார்கள் என்று போலீஸ் சொன்னது. வழக்கு பிறகு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. அதே வருஷம் ஜூலை 8ஆம் தேதி ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை ஒருவன் சுட்டுக் கொன்றது வீட்டில் செய்த துப்பாக்கியால். துப்பாக்கிக் குற்றம் அபூர்வமான நாடு அது. இவர்கள் ரியாலிட்டி நிகழ்ச்சி பார்த்துக் கெட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் துப்பாக்கி செய்வது ஆர்வமுள்ள யாரும் பட்டறையில் உட்கார்ந்து முயன்று பார்க்கிற கைவேலை என்ற எண்ணம் காற்றில் பரவியிருக்கிறது. அந்தக் காற்றில் இந்த நிகழ்ச்சிகளின் மூச்சும் கலந்திருக்கிறது. நம் நாட்டில் லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால், 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருஷம், கூடினால் ஆயுள் தண்டனை. கல்யாண ஊர்வலத்தில் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர்களுக்கு ஆபத்து வரவழைத்தால் இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். வீடியோ பார்க்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

'அமெரிக்கன் கன்ஸ்' கடைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் பள்ளியில் ஒருவன் புகுந்து 20 குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அந்த மாதமே நிகழ்ச்சி தொடராது என்று டிஸ்கவரி அறிவித்தது. கதை அதோடு முடியவில்லை. அந்தக் கடையின் முதலாளி ரிச் வயாட் தன் வியாபார லைசன்ஸை 2012லேயே விட்டுக்கொடுத்திருந்தார், அதன் பிறகும் துப்பாக்கி விற்றார் என்று வழக்கு வந்தது. 2017இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. லைசன்ஸ் இல்லாத வியாபாரத்துக்கும் வரிக் குற்றங்களுக்கும் சேர்த்து அடுத்த வருஷம் ஆறரை வருஷச் சிறை கிடைத்தது. நிகழ்ச்சியில் அவர் கடையை எத்தனையோ தடவை பார்த்தோம். அவருடைய ரிஜிஸ்டரை ஒரு தடவை பார்த்தோமா? ('சன்ஸ் ஆஃப் கன்ஸ்' 2014இல் நின்றதற்குக் காரணம் அதன் தலைவர் மீது வந்த வேறு கொடுமையான குற்றச்சாட்டு. அது துப்பாக்கித் தொழிலைப் பற்றியதல்ல என்பதால் இங்கே விடுகிறேன்.)

ரிஜிஸ்டர் அவ்வளவு பெரிய விஷயமா என்று திருவனந்தபுரத்துக்காரர்கள் கேட்கவே கூடாது. 2020 பிப்ரவரியில் சட்டசபையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நம் ஊர் சிறப்பு ஆயுதப் போலீஸ் பட்டாலியனில் 25 இன்சாஸ் ரைஃபிள்களும் 12,061 தோட்டாக்களும் குறைகின்றன என்றது. மாநிலமே கொதித்தது. பிறகு குற்றப்பிரிவு ஆட்கள் நேரில் எண்ணிப் பார்த்து ரைஃபிள்கள் காணாமல் போகவில்லை, கணக்கெழுதியதில்தான் கோளாறு என்றார்கள். தோட்டா விஷயம் அவ்வளவு லேசாகத் தீரவில்லை, அதன்மேல் விசாரணை நடந்தது. அந்த நாட்களில் நான் செய்தியைப் படித்துப் பதறியதை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. ஒரு வரி விட்டுப்போனால், ஒரு எண் மாறிப்போனால், ஒரு துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்று ஒரு மாநிலமே குழம்பும். இதைவிட விறுவிறுப்பான கதை எந்த டிவி நிகழ்ச்சிக்கு வேண்டும்?

ஒரு நிகழ்ச்சியை மட்டும் மற்றவற்றோடு சேர்த்துத் திட்ட எனக்கு மனசு வராது. லாஸ் வேகஸ் அடகுக்கடையைக் காட்டும் 'பான் ஸ்டார்ஸ்'. அதில் பழைய துப்பாக்கி வந்தால் வல்லுநரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர் முத்திரையைப் பார்ப்பார், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று தேடுவார், சுடத் தகுந்ததா என்று தயங்குவார். சில சமயம் வந்தவரின் ஆசையைக் கெடுத்து அனுப்புவார். அந்தச் சில நிமிஷங்களில் எங்கள் ஆசாரி தெரிந்தார். அப்படியும் ஒரு நிகழ்ச்சியை ஜனங்கள் பார்த்தார்கள், வருஷக்கணக்காகப் பார்த்தார்கள். பொறுமையைக் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்ற சாக்கு அதனால் செல்லாது.

நம் பக்கத்தில் காட்டுவதற்குக் கதையா இல்லை? 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர் சேவைக்கு வந்து வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனார். தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை அவர் காலத்தில் எரிந்தது. 1777இல் இறந்த அவருடைய கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. எங்கள் ஆசாரி அந்த ஊர்ப் பக்கத்து ஆள் என்பது தற்செயலாக இருக்கலாம், நான் அப்படி நினைக்க விரும்பவில்லை. கிழக்கேகோட்டையிலேயே பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கிறவர்களில் பலருக்கு, திருவிதாங்கூரின் நாயர் பட்டாளம் வழிபட்ட அந்தக் கோயிலை இன்றைக்கும் ராணுவம்தான் பராமரிக்கிறது என்பது தெரியாது. திருச்சியில் 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. ராணுவத்துக்கு மட்டுமில்லாமல், லைசன்ஸ் உள்ள பொதுமக்களுக்கான 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும் அங்கே தயாராகியிருக்கிறது. தமிழ் பேசுகிற எத்தனையோ கடைசல்காரர்களும் ஃபிட்டர்களும் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டாலே ஒரு தொடருக்குப் போதும்.

ஆசாரியின் கைவேலைக்குத் தேவையும் இன்றைக்கு இருக்கிறது. காட்டுப்பன்றி பயிரை அழிப்பதால், 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தது. தொல்லை தரும் பன்றியைச் சுட, பட்டியலில் உள்ள லைசன்ஸ்தாரர்களுக்கு அவர்கள் உத்தரவிடலாம். மலையோரப் பஞ்சாயத்துகளில் அந்த வேலையைச் செய்யும் ஆட்கள் பலர் வயசானவர்கள், கையில் இருக்கும் துப்பாக்கி அவர்களைவிட வயசானது. ராத்திரி நேரத்தில், பக்கத்தில் வீடுகள் இருக்கும் தோட்டத்தில் சுடுகிறார்கள். அந்தத் துப்பாக்கியின் பூட்டு தளர்ந்திருக்கிறதா, விசை லேசாகத் தட்டினாலே விழுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். எங்கள் கடை மூடிய பிறகும் சிலர் என் வீடு தேடி வந்து, ஆசாரியின் சிஷ்யர்கள் யாராவது இருக்கிறார்களா சேச்சி என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் இல்லை. அவர் மகன் துபாய்க்குப் போய்விட்டான், ஏ.சி. மெக்கானிக்.

தமிழ் சேனல்களை நடத்துகிறவர்களிடமும், வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து ஒளிபரப்புகிறவர்களிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டப்பிங் செய்யும்போது, இந்த வேலை இந்தியாவில் எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது, என்ன தண்டனை என்று இரண்டு வரி படிக்கும்படி போடுங்கள். சிகரெட் காட்சிக்குப் போடுகிறோம், இதற்குப் போட முடியாதா? சொந்தமாக ஒரு தொடர் எடுப்பதானால் உதயகிரியில் தொடங்கி, ரிப்பேர் ரிஜிஸ்டர் எப்படி எழுதுவது என்பதையும் காட்டுங்கள். நான் இருக்கிறேன், வந்து எழுதிக் காட்டுகிறேன். வெடிச்சத்தம் இல்லாமல் நிகழ்ச்சி ஓடாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது: புரூஃப் சோதனையைப் படம் பிடியுங்கள். ஆட்கள் ஒதுங்கி நிற்க, குழலைத் தாங்கியில் கட்டி, அளவு மிஞ்சிய தோட்டாவைப் போட்டுச் சுடுவார்கள். சத்தம் போதுமான அளவுக்குக் கேட்கும். புகை அடங்கியதும் காமிராவை உடனே அணைத்துவிட வேண்டாம். குழலை அளந்து பார்க்கிறவரின் கையைக் காட்டுங்கள், தேறாத குழலை என்ன செய்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள்.